சனி இரவு வேகிற குழம்பு, வாரம் முழுக்க மதியச் சாப்பாடு

குக்கரில் இருபது, முப்பது நிமிடத்தில் வேகிற கறியை எட்டு மணி நேரம் வேக வைப்பானேன் என்று திண்டுக்கல்லில் இருந்து அம்மா இன்னமும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முப்பது நிமிடமும் யாராவது விசிலை எண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். மின்சாரத்தில் மெதுவாக வேக வைக்கிற பீங்கான் சட்டியான ஸ்லோ குக்கருக்குக் காவல் வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மிசிசாகாவில் ஒற்றை ஆளாகக் குடியிருந்துகொண்டு, ஆய்வுக்கூடத்தில் காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஓடுகிற எனக்கு அதுதான் பெரிய விஷயம். சனிக்கிழமை இரவு சட்டியை மூடிவிட்டுப் படுத்தால் ஞாயிறு காலையில் குழம்பு வெந்திருக்கும். டப்பாக்களில் பிரித்து வைத்துவிட்டால் வெள்ளி வரை கேன்டீன் சாண்ட்விச்சுக்குக் காசு அழ வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கிடைக்கிற ஸ்லோ குக்கர் குறிப்புகளில் பாதி, எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டி மூடி வைக்கச் சொல்லும். நம் சமையலுக்கு அது ஆகாது. வதங்காத வெங்காயம் எத்தனை மணி நேரம் வெந்தாலும் வதங்கிய வெங்காயம் ஆகாது. மல்லித்தூளின் பச்சை வாசனை எண்ணெயில் போகும், வெந்நீரில் போகாது. அதனால் வதக்கல் முதலில் அடுப்பில். தாளிப்பு, புளி, தேங்காய் எல்லாம் கடைசியில். நடுவில் மணிக்கணக்கில் வேகிற வேலை மட்டும்தான் ஸ்லோ குக்கருக்கு. இதை இப்படிப் பிரித்துக்கொண்டால் உங்கள் வீட்டுக் குழம்பு எதையும் நீங்களே மாற்றி வைத்துப் பார்க்கலாம்.

சட்டியும் தண்ணீரும்

ஒருவர், இருவர் என்றால் 4 குவார்ட் போதும். அது 3.8 லிட்டர் கொள்ளளவு. குடும்பத்துக்கு 6 குவார்ட். பெரிதாக வாங்கி அடியில் கொஞ்சமாகப் போட்டால் ஓரம் தீய்ந்துவிடும். பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிரம்பியிருந்தால்தான் ஒழுங்காக வேகும்.

லோ, ஹை என்று இருப்பதைச் சிறுதீ, பெருந்தீ என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான சட்டிகளில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வந்துதான் நிற்கும். ஹை சீக்கிரம் போய்ச் சேரும், லோ மெதுவாகச் சேரும், அவ்வளவுதான். ஹையில் நான்கு மணி நேரம் என்றால் லோவில் எட்டு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். ஆவி வெளியே போகாததால் தண்ணீரும் வற்றாது. அடுப்பில் மூன்று கப் ஊற்றுகிற குழம்புக்கு இங்கே ஒன்றரை, இரண்டு கப் போதும். பட்டை, கிராம்பு எட்டு மணி நேரம் ஊறினால் மருந்து வாசனை அடிக்கும், பாதி போடுங்கள். பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் நேர்மாறு. இரவு போட்டது காலையில் இருந்த இடம் தெரியாது. அதில் பாதியைக் கடைசிக்கு எடுத்து வையுங்கள்.

இந்தச் சட்டியின் பூர்வீகமும் நமக்குப் பிடிபடக் கூடியதுதான். இதற்குக் காப்புரிமை வாங்கியவர் இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்க யூதர், 1940இல். அவர் முன்னோர் வாழ்ந்த லித்துவேனியாவில் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பயறும் கறியும் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்களாம். யூதர்களின் ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாது என்பதால் அணைந்த அடுப்பின் சூட்டிலேயே இரவெல்லாம் வேகும். வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அந்தக் கதையில் இருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. பிறகு ரைவல் என்ற கம்பெனி அதை வாங்கி, 1971இல் கிராக்பாட் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. உமி அடுப்புத் தணலில் இரவு பானையை வைத்துவிட்டுப் படுத்த நம் பாட்டிமார்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.

கொண்டைக்கடலைக் குழம்பு

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதில் தொடங்குங்கள். கெட்டுப்போக வழியே இல்லாத சமையல்.

சனிக்கிழமை காலை இரண்டு கப் கொண்டைக்கடலையை ஊறப் போடுங்கள். பழைய கடலை என்றால் எத்தனை ஊறினாலும் வேகாது, அதனால் விற்பனை சூடாக இருக்கிற கடையில் வாங்குங்கள். இரவு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, சட்டியில் போட்டு, கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கிற அளவு கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, உப்பு ஒரு டீஸ்பூன் போட்டு, லோவில் எட்டு மணி நேரம்.

தக்காளியும் புளியும் இந்தக் கட்டத்தில் கூடவே கூடாது. புளிப்பு பட்டால் கடலையின் தோல் இறுகிக்கொள்ளும், விடிந்தாலும் கடுக்கென்றுதான் இருக்கும்.

காலையில் ஒரு கடலையை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். பல் படாமல் மசிந்தால் வெந்துவிட்டது. இப்போது வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரை ஸ்பூன் சோம்பு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய இரண்டு வெங்காயம், தட்டிய பூண்டு எட்டுப் பல். வெங்காயம் நன்றாகச் சிவந்ததும் இரண்டு தக்காளி. அது குழைந்ததும் தீயைக் குறைத்து, கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒன்றரை ஸ்பூன் மிளகாய்த்தூள், மூன்று ஸ்பூன் மல்லித்தூள். ஓரத்தில் எண்ணெய் கசிகிற வரை பொறுமையாக வதக்குங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டு, அப்படியே சட்டியில் சேர்த்து ஹையில் ஒரு மணி நேரம். கெட்டிப்பட ஒரு கரண்டி கடலையை மசித்துக் கலந்துவிடுங்கள், தேங்காய்கூட வேண்டாம். உப்பு பார்ப்பது இப்போதுதான்.

இது ஆறு டப்பாவுக்கு வரும். இரண்டாம் நாள் சாப்பிட்டால் இன்னும் ருசி.

ஆட்டுக்கறி

ஸ்லோ குக்கர் தன் விலைக்கு நியாயம் செய்வது இதில்தான். தொடைக்கறி வேண்டாம், வறண்டுவிடும். கழுத்தும் முன்னங்காலும் கலந்து வாங்குங்கள். சவ்வும் நாரும் நிறைய இருக்கிற அந்தத் துண்டுகள்தான் மெதுவான சூட்டில் கரைந்து குழம்புக்குப் பிசுபிசுப்பைக் கொடுக்கும். இங்கே ஹலால் கடைகளில் மின்ரம்பத்தில் அறுத்துத் தருவார்கள். எலும்புத்தூள் கறியோடு ஒட்டியிருக்கும், தண்ணீரில் நன்றாக அலசுங்கள். உறைந்த கறியாக இருந்தால் முந்தின நாளே ஃபிரிட்ஜில் வைத்து முழுதாக இளக விடுங்கள். கல்லாக இருப்பதை அப்படியே போட்டால் நடுப்பகுதி சூடேற வெகுநேரம் ஆகும், அதற்குள் கிருமி பெருகிவிடும்.

ஒரு கிலோவுக்கு அளவு: கால் கிலோ வெங்காயம் (சின்ன வெங்காயம் விற்கிற விலையில் நான் சிவப்பு வெங்காயம்தான் போடுகிறேன்), இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, தக்காளி இரண்டு, மல்லித்தூள் மூன்று மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை, மஞ்சள்தூள் அரை ஸ்பூன். கனமான சட்டியில் இதே வரிசையில் வதக்கி, கறியைப் போட்டு, சிவப்பு மாறி வெளுக்கிற வரை புரட்டுங்கள். ஒரு கப் வெந்நீர், ஒன்றரை ஸ்பூன் உப்பு. தளதளவென்று ஒரு கொதி வந்தபிறகே ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். சூடாகவே உள்ளே போவதால் ஆபத்தான வெப்பநிலையில் அதிக நேரம் கிடக்காது. லோவில் எட்டு மணி நேரம்.

ஒரு கப் தண்ணீர் எப்படிப் போதும் என்று கை பதறும். பதறட்டும், ஊற்றாதீர்கள். காலையில் திறந்தால் கறி தன் சாற்றிலேயே முக்கால்வாசி முங்கிக் கிடக்கும்.

பிறகு அரை கப் தேங்காய், ஒரு ஸ்பூன் சோம்பு, ஒரு ஸ்பூன் மிளகு, நாலு முந்திரி அரைத்து ஊற்றி ஹையில் அரை மணி. தேங்காயை இரவே ஊற்றினால் திரிந்து பிரிந்துவிடும்.

ஆபீசுக்கு என்பதால் இன்னொரு வேலை இருக்கிறது. கறியை ஒரு தட்டில் எடுத்து, எலும்புகளைக் கழற்றிவிடுங்கள். கரண்டியால் தொட்டாலே கழன்று வரும். முப்பது நிமிட இடைவேளையில், எதிரே மேலாளர் உட்கார்ந்திருக்க, நல்லியெலும்பை உறிஞ்சுகிற தைரியம் எனக்கு இல்லை. அந்த எலும்புகள் சமைத்தவனின் ஞாயிறு மதியத்துக்கு. குழம்பை ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே வெள்ளை ஏடாக உறையும். வேண்டாதவர்கள் ஸ்பூனால் வழித்து எடுத்துவிடலாம்.

கறுப்பு உளுந்தும் ராஜ்மாவும்

முழுக் கறுப்பு உளுந்து ஒரு கப், ராஜ்மா கால் கப், சேர்த்து எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டுங்கள். அடுத்த படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் பத்து நிமிடமாவது கொதகொதவென்று கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்ட வேண்டும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று உண்டு. நாலைந்து விதை அரைவேக்காடாக உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். நல்ல கொதியில்தான் அது அழியும். 80 டிகிரியில் அரைகுறையாக வெந்தால், பச்சையைவிட ஐந்து மடங்கு வரை வீரியம் கூடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. ஸ்லோ குக்கர் அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் நிற்கக் கூடியது. டின்னில் வருகிற ராஜ்மாவுக்கு இந்தக் கவலை இல்லை.

மீதி சுலபம். ஐந்து கப் வெந்நீர், இஞ்சி, பூண்டு, உப்போடு லோவில் பத்து மணி நேரம். காலையில் வெண்ணெயில் வெங்காயம் தக்காளி மிளகாய்த்தூள் வதக்கிச் சேர்த்து ஹையில் ஒரு மணி. வடக்கத்திச் சமையல்தான், ஆனாலும் சோற்றுக்கு அருமையாகச் சேரும்.

கோழி வைப்பதானால் எலும்பில்லாத தொடைக்கறி, ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், வதக்கிய மசாலாவோடு லோவில் நான்கு, ஐந்து மணி நேரம், இறக்கும்போது கொரகொரப்பாகப் பொடித்த மிளகு. இது பகல் சமையல். இரவு முழுக்க விட்டால் நார்நாராகிவிடும். நெஞ்சுக்கறியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சாம்பார், ரசம், கீரை, மீன், பிரியாணி ஐந்துக்கும் இதில் வேலை இல்லை. துவரம்பருப்புக்குக் குக்கர்தான் ராஜா. அதில் அம்மா சொல்வதே சரி.

டப்பாவில் போடுவது

வெந்ததும், சூடு ஆறாமல் வைக்கிற வார்ம் நிலையில் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள், கனமான பீங்கான் சட்டியை அப்படியே ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். அது மணிக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு கெடுதல். அகலமான இரண்டு பாத்திரங்களில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். சோறு இன்னும் மோசம், ஒரு மணி நேரம்தான் கெடு. வெந்த சோற்றிலும் பிழைத்துக் கிடக்கிற கிருமி ஒன்று உண்டு, அறைச் சூட்டில் விட்டால் அது நச்சைக் கக்கும், திரும்பச் சுட வைத்தாலும் அந்த நச்சு போகாது. சோற்றைத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒருவேளை அளவுப் பைகளில் தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் அடுக்குகிறேன்.

குழம்பு ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். எனவே திங்கள், செவ்வாய், புதன் டப்பாக்கள் ஃபிரிட்ஜில், வியாழன் வெள்ளி ஃப்ரீசரில். புதன் இரவு வியாழன் டப்பாவை ஃப்ரீசரில் இருந்து ஃபிரிட்ஜுக்கு இறக்கி வைத்தால் மறுநாள் இளகியிருக்கும். ஃப்ரீசருக்குப் போகிறதில் உருளைக்கிழங்கு போடாதீர்கள், மணல் மாதிரி ஆகிவிடும். டப்பா கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சள் கறை சாகும்வரை போகாது.

ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சாரத்தில் நள்ளிரவுச் சலுகைத் திட்டம் எடுத்திருந்தால் இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த கட்டணம், எட்டு மணி நேரச் சமையல் அதில் கச்சிதமாக அடங்கும். சட்டி இழுப்பதே ஒரு பழைய குண்டு பல்பு இரண்டு, மூன்று எரிகிற மின்சாரம்தான், அதனால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. வாசனைதான் நிஜமான பிரச்சினை. படுக்கப் போகும்முன் குளிர் கோட்டு தொங்குகிற அலமாரிக் கதவை இறுக்கிச் சாத்துங்கள். இல்லையென்றால் திங்கள்கிழமை பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு நீங்கள் ஞாயிறு என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஆபீசில் மூடியைச் சாய்த்து வைத்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம், ஒரு கிளறு, இன்னும் ஒரு நிமிடம். நடுவில் தொட்டாலும் ஆவி பறக்க வேண்டும், கணக்குக்கு 74 டிகிரி. சோற்றின்மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துக்கொண்டால் பொலபொலவென்று வரும். மேலே ஈரக் காகிதத் துண்டு ஒன்றைப் போடுங்கள், அடுத்து வரிசையில் நிற்பவர் உங்கள் குழம்பைத் துடைக்க வேண்டியிராது. கருவாட்டுக் குழம்பை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் டப்பாவில் போடாதீர்கள். அதை ஞாயிறு மதியமே வீட்டில் முடித்துவிடுங்கள்.