லாரி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது

சாவியைத் திருப்பினதும் பிடித்துக்கொண்டிருந்த இன்ஜின், இப்போது பத்து பதினைந்து விநாடி செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் உடனே ஸ்பானரை எடுத்து நாசில், பம்பு என்று கழற்ற ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு ஆளைச் சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு ஒரு தடவை செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று உங்கள் காது கேட்கட்டும், புகை வருகிறதா, என்ன நிறம் என்று அவர் பார்க்கட்டும். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது இதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தி முடிப்பதற்குள் காற்று பிஸ்டன் ரிங் ஓரமாகக் கசிந்துவிடும், வந்த சூட்டையும் சிலிண்டர் சுவர் குடித்துவிடும். அதனால் ஹாரன் நன்றாக அடிக்கிறது, லைட் பளிச்சென்று எரிகிறது, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. லைட்டுக்குத் தேவை சில ஆம்பியர், செல்ஃப் மோட்டாருக்குத் தேவை நூற்றுக்கணக்கில்.

சரி, செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் மந்தமாகத்தான் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒன்று நன்றாக இருந்து இன்னொன்று செத்துக்கொண்டிருப்பது சகஜம். செல்ஃப் அடிக்கும்போது ஒரு பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால் அதைச் சார்ஜ் ஏற்றித் திரும்பப் பாருங்கள், அப்போதும் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

பேட்டரி சரியாக இருந்தும் சுற்றவில்லையென்றால் கேபிள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள் (கிளாம்ப் மேல் அல்ல, அங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள்), இன்னொரு முனையைச் செல்ஃப் மோட்டாரில் கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் வழியிலேயே வீணாகிறது. மைனஸ் குமிழுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவிலும் இதேபோல் பாருங்கள், ஏனென்றால் சேசிஸில் துருப்பிடித்த எர்த் வயரை யாரும் கண்டுகொள்வதே இல்லை. மீட்டர் இல்லையா, நாலைந்து தடவை செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டுப் பாருங்கள், கோளாறு உள்ள இடம் சுடும். கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். தேய்த்து இறுக்கினால் முடிந்தது வேலை. இத்தனையும் சரி, இன்னும் முக்குகிறது என்றால்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் பார்க்க வேண்டும்.

அடுத்தது, இன்ஜின் நல்ல வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் புகையே இல்லை. அப்படியென்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. இதில் நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன். காலையில் மட்டும் மக்கர் செய்த ஒரு வண்டிக்கு இரண்டு மாதம் பேட்டரி, செல்ஃப் என்று செலவு செய்த பிறகு பார்த்தால், ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையத்தில் நகத்தால் கீறினதுபோல ஒரு வெடிப்பு. ஒரு சொட்டு டீசல்கூட வெளியே கசியவில்லை, அதனால்தான் கண்ணில் படவில்லை. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பு வரை உள்ள பைப்பிலும் இப்படித்தான். வண்டி ஓடும்போது அது உறிஞ்சும் பக்கம், ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்றதும் அந்த ஓட்டை வழியே காற்று புகுந்து, டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். டேங்க் நிறைய இருக்கும்போது தொல்லை இல்லை, பாதிக்குக் கீழே போனால் ஆரம்பிக்கிறது, அல்லது மேட்டில் முகத்தை ஏற்றி நிறுத்தினால்தான் வருகிறது என்றால் இதுவாகத்தான் இருக்கும்.

உறுதி செய்வது சுலபம். காலையில் செல்ஃப் அடிக்கும் முன்னால், கையால் டீசல் ஏற்றும் கை பம்பை இறுகும்வரை அழுத்துங்கள். பிறகு ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனால் ராத்திரியில் டீசல் இறங்கியிருக்கிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் அளவு கண்ணாடி மாதிரித் தெரியும் டீசல் ஹோஸைப் பொருத்தி ஓடவிட்டுப் பாருங்கள், சோடாவில் வருவதுபோலக் குமிழி ஓடினால் அதற்கும் டேங்குக்கும் இடையில்தான் ஓட்டை. ஹோஸ் கிளிப், பேன்ஜோ போல்ட்டின் (டீசல் போக நடுவில் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், டேங்குக்குள் இறங்கும் பைப் எல்லாவற்றையும் பாருங்கள். குமிழியே இல்லையென்றால் அங்கிருந்து இன்ஜின் பக்கமாக வாருங்கள், கை பம்பும் ஃபில்டர் வளையமும் சந்தேகப் பட்டியலில் உண்டு. பழைய வாஷரைத் திரும்பப் போட்டு இறுக்கினால் திரும்ப அதே வேலைதான். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டியில் சரிசெய்த பிறகு ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்போது, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அப்புறம், ஃபில்டர் அடியில் சேர்ந்த தண்ணீரையும் வடித்துவிடுங்கள். சாவி போட்டதும் பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டில் 'டிக்' கேட்கிறதா என்றும் கவனியுங்கள், கேட்கவில்லையென்றால் அதற்குக் கரண்டே வரவில்லையோ என்னவோ.

காமன் ரெயில் வண்டி (எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி, கம்ப்யூட்டர் நடத்தும் வகை) என்றால், அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டாமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்ஜியமாகவே நின்றால், இன்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். ரெயில் பிரஷர் ஏறவில்லையென்றால், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இஞ்செக்டர் திறக்கவே திறக்காது. ஒவ்வொரு இஞ்செக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரே அளவுச் சின்ன பாட்டிலை மாட்டிச் செல்ஃப் அடித்தால், எது மற்றதைவிடச் சீக்கிரம் நிறைகிறதோ அதுதான் பிரஷரைத் தின்கிறது. ஆனால் ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் இங்கே கூடவே கூடாது. அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தினது மாதிரித்தான் தெரியும், கையையே எடுக்க வேண்டி வரலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

புகை வருகிறது, வெள்ளையாக, எரியாத டீசல் நாற்றத்தோடு, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, பற்றவில்லை. குளிரில் மட்டும் இப்படி, ஒரு தடவை பிடித்த பிறகு நாள் முழுக்கத் தொல்லை இல்லை என்றால் முதலில், சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக். வயரைக் கழற்றி ஓம்ஸ் பாருங்கள், நல்ல பிளக் ஒரு ஓம் பக்கத்தில் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. பெரிய இன்ஜினில் பிளக்குக்குப் பதிலாக, காற்று உள்ளே போகும் இன்டேக்கில் ஹீட்டர் இருக்கும், அதற்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள். இதற்கு நேர்மாறாக, குளிரில் நன்றாகப் பிடித்து, சூடான வண்டியை நிறுத்தி அரை மணி கழித்து எடுக்கும்போது மட்டும் தகராறு என்றால் பம்போ இஞ்செக்டரோ உள்ளே தேய்ந்திருக்கிறது, சூட்டில் டீசல் இளகி அந்த இடைவெளியில் நழுவிவிடுகிறது.

ஹீட்டர் உள்ள வண்டியில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள், இன்டேக்கிலேயே வெடிக்கும். செல்ஃபையும் ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காமல் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். எல்லாம் பார்த்தும் வெள்ளைப் புகை போகவில்லை, ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறது என்றால், டேப்பட் (வால்வு) இடைவெளியை ஒரு தடவை பார்த்துவிட்டு சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் உள்ள மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிடுங்கள், இன்ஜினைத் திறக்க வேண்டியிருக்கும்.