சிறிய இசை அரங்கில் எங்கே நிற்பது?

சிறிய அரங்கில் இசை நிகழ்ச்சிக்குப் போனால் மேடையை ஒட்டி இடம் பிடிக்க முந்தாதீர்கள். ஒலிப் பொறியாளர் குரலையும் கருவிகளையும் சரிசெய்கிற ஒலிக்கலவை மேசை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அவரது பார்வையை மறைக்காமல் அதற்குச் சற்று முன்னால் நில்லுங்கள். பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

அந்த மேசையில் இருக்கும் பொறியாளர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் குரலையும் கிதாரையும் ஏற்றி இறக்குகிறார். முன்வரிசையிலோ டிரம்ஸ் ஓசை நேராக வந்து காதில் அறையும். குரல் வருகிற பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு ஓரங்களில் இருப்பதால், நட்டநடுவே நிற்பவருக்குப் பாடகரின் உதடு அசைவது தெரியும், சொல் புரியாது. மூலையிலும் நிற்க வேண்டாம். பேஸ் எனும் தாழ்சுருதி ஒலி அங்கே திரண்டு குமுறும்.

எங்கே நின்றாலும் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பணியிடங்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம்; 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான்!

கலவை மேசையை மேடைக்குப் பக்கவாட்டிலோ பால்கனிக்கு அடியிலோ ஒதுக்கியிருந்தால் இந்த யோசனை பலிக்காது. அப்போது இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில், கூடத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிடுங்கள். மைக் இல்லாத கச்சேரி என்றால் தயங்காமல் முன்வரிசைக்கே போகலாம்.