திரித்துவத்தைச் சரியாக அறியாதவருக்கு இரட்சிப்பு உண்டா: வீட்டுக் கூட்டத்தில் இக்கேள்வியை எடுத்து நடத்தும் முறை

பெங்களூரின் லிங்கராஜபுரத்திலோ கே.ஆர். புரத்திலோ ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் ஜெபத்துக்குக் கூடினால், சி.எஸ்.ஐ. சபையில் திடப்படுத்தல் பெற்ற பெரியப்பாவும், சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவின் செப்டம்பர்த் திருவிழாவைத் தவறவிடாத அத்தையும், இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் என்று கற்பிக்கும் சபைக்குப் போகும் மச்சானும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பது அபூர்வமல்ல. அங்கே என்றாவது ஒருநாள், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை ஏற்காதவர் இரட்சிக்கப்படுவாரா என்ற கேள்வி எழும். அதை அடக்கிவிடாமல் ஒரு மாலை முழுவதும் எடுத்து நடத்த விரும்புகிறவருக்காக இது எழுதப்படுகிறது.

வேதத்தைத் திறப்பதற்கு முன்பே கேள்வியை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். கடவுளின் தன்மையை அறியாமல் இருப்பவரின் நிலை என்ன? அறிந்தும் மறுப்பவரின் நிலை என்ன? ஒரு சபை எதைக் கற்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறது? இம்மூன்றையும் கலந்து பேசுவதாலேயே பெரும்பாலான வாக்குவாதங்கள் முடிவில்லாமல் இழுபடுகின்றன. ஒருவர் எழுத்தறியாத பாட்டியை மனத்தில் வைத்துப் பேச, மற்றவர், குமாரன் படைக்கப்பட்டவரே என்று நான்காம் நூற்றாண்டில் போதித்த ஆரியுவை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறார்.

முதல் கேள்விக்கு லூக்கா 23-இலிருந்து தொடங்குவது நல்லது. சிலுவையில் தொங்கிய கள்வன் தன்னை நினைத்தருளும்படி மட்டுமே கேட்டான். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அவன் அறிக்கையிட்டதாக எதுவும் எழுதப்படவில்லை. பிலிப்பியின் சிறைச்சாலைக்காரனுக்கும் (அப்போஸ்தலர் 16) கர்த்தராகிய இயேசுவை விசுவாசிக்க வேண்டும் என்பதே முதல் பதிலாக வந்தது. ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டால் பாதி உண்மையே கிடைக்கும் என்பதால் அப்போஸ்தலர் 18, 19 அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்பொல்லோ யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்தவன். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவனைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கினார்கள். அடுத்த அதிகாரத்தில், அதே ஞானஸ்நானத்தைப் பெற்று, பரிசுத்த ஆவி உண்டென்பதையே கேள்விப்படாதிருந்த எபேசுவின் சீஷர்களுக்குப் பவுல் கற்பித்த பிறகு, அவர்கள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அப்பொல்லோவுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை. அறியாதவரை ஒரே அச்சில் வார்க்க முடியாது என்பதையும், அறியாதவரை அப்படியே விட்டுவிட யாரும் துணியவில்லை என்பதையும் இவ்விரண்டு பகுதிகளும் சேர்ந்து காட்டுகின்றன. கூட்டத்தின் நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடுவது வீண்போகாது.

மறுப்பவரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது தொனி மாறும், மாறத்தான் வேண்டும். குமாரனை மறுதலிக்கிறவன் பிதாவை உடையவனல்ல என்று 1 யோவான் 2:23 சொல்கிறது. அதே சமயம், தேவன் ஒருவரென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு 2:19 சொல்வதையும் பக்கத்தில் வையுங்கள். சரியான கருத்து மட்டும் ஒருவரை இரட்சிப்பதில்லை என்பதற்கு இதைவிடக் கூர்மையான வசனம் கிடைப்பது கடினம்.

இந்த இடத்தில் வரலாறு உதவும். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், குமாரன் இல்லாதிருந்த காலம் உண்டு என்று போதித்தவர்களைச் சபிக்கும் வாக்கியங்களையும் சேர்த்தே தன் விசுவாசப் பிரமாணத்தை வெளியிட்டது. இன்று நற்கருணை ஆராதனையில் நாம் சொல்லும் வடிவம் 381-ஆம் ஆண்டின் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு தொடர்புடையது. அதில் அந்தச் சாபங்கள் இல்லை. இந்தச் சண்டை எதற்காக நடந்தது என்பதைத்தான் கூட்டத்துக்கு நிதானமாக விளக்க வேண்டும். குமாரனும் ஒரு படைப்புதான் என்றால், படைக்கப்பட்ட ஒருவர் மற்றப் படைப்புகளைக் கடவுளோடு எப்படிச் சேர்க்க முடியும் என்று, ஆரியுவின் போதனையை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு கேட்டார். கடவுளின் தன்மையைப் பற்றிய வாதம் அவருக்கு மீட்பைப் பற்றிய வாதமாகவே இருந்தது. இதை விளங்கிக்கொண்டவர்கள், திரித்துவம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

அத்தனாசியுவின் பெயரைத் தாங்கிய பிரமாணத்தை யாராவது எடுத்துக் காட்டக்கூடும். இரட்சிக்கப்பட விரும்புகிறவன் எல்லாவற்றுக்கும் முன்பாகப் பொது விசுவாசத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று தொடங்கும் அது, அவர் எழுதியதல்ல. அவருக்குப் பின்னர் இலத்தீனில் இயற்றப்பட்டது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1775-இல் திரித்துவத்தைக் குறித்து வெளியிட்ட பிரசங்கத்தில், திரித்துவம், ஆள்தத்துவம் (தனி நபராயிருத்தல்) என்ற சொற்களை யார்மீதும் திணிக்கத் துணியவில்லை என்றார். மூவர் ஒருவராயிருக்கிறார் என்ற உண்மையை விசுவாசிப்பதையும், அது எவ்வாறு என்பதை விளக்குவதையும் அவர் வேறுபடுத்தினார். வீட்டுக் கூட்டத்துக்கு இந்த வேறுபாடே மிகவும் பயன்படும் என்பது என் கருத்து. கத்தோலிக்க உறவினர்கள் இருந்தால், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படையக்கூடும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்ததையும் குறிப்பிடுங்கள்.

இனி மச்சானிடம் வருவோம். ஒருமைக் கொள்கையுடைய பெந்தெகொஸ்தே இயக்கம் 1913-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நடந்த முகாம் கூட்டத்துக்குப் பின் உருவெடுத்தது. அவர்கள் கிறிஸ்துவின் தெய்வத்துவத்தை மறுப்பவர்கள் அல்லர். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பவர்கள் வெவ்வேறு ஆள்தத்துவங்கள் என்பதைத்தான் மறுக்கிறார்கள். குமாரனைத் தேவனின் முதல் படைப்பாகக் கருதும் யெகோவாவின் சாட்சிகளோடு அவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம். அப்போஸ்தலர் 2:38-இன்படி இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறாதவருக்கு மறுபிறப்பில்லை என்று அவர்களில் பலர் கற்பிப்பதால், இந்தக் கேள்வி அவரைப் பார்த்து மட்டுமன்றி நம்மைப் பார்த்தும் கேட்கப்படுகிறது. எனவே அவருடைய கொள்கையை நீங்கள் விளக்காதீர்கள். முதலில் அவரையே பேசவிட்டு, அதை அவர் ஒத்துக்கொள்ளும்படி நீங்கள் திரும்பச் சொன்ன பிறகே மத்தேயு 28:19-ஐயும் யோவான் 17-ஐயும் எடுங்கள். குமாரன் பிதாவை நோக்கி ஜெபிக்கும் அந்த அதிகாரத்தில்தான் அவருக்கும் நமக்கும் உண்மையான கடினம் வெளிப்படும்.

மூன்றாம் கேள்வியை நீட்ட வேண்டியதில்லை. ஒரு சபை தன் போதகரிடம் எதிர்பார்ப்பதை நேற்று விசுவாசித்தவரிடம் எதிர்பார்ப்பதில்லை. ஞானஸ்நானம், திருமணம் போன்றவற்றில் யாரை ஏற்பது என்பதை அந்தந்தச் சபையின் ஆயரிடம் விட்டுவிடுங்கள். கூட்டத்தில் அதற்குத் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை.

இறந்துபோன தாத்தாவைப் பற்றி யாராவது கேட்டால், பெயர் சொல்லித் தீர்ப்பளிக்க மறுத்துவிடுங்கள். அந்த மறுப்பைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் பின்னர் யாரும் புண்பட மாட்டார்கள். நிறைவு ஜெபத்துக்கு, கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் கடைசி வசனத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லலாம். கிருபையையும் அன்பையும் ஐக்கியத்தையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்கும் அந்த ஆசீர்வாதம் பவுலின் சொற்களாகவே இருப்பதால், அதைச் சொல்ல மச்சானுக்கும் தடை இருக்காது.