வெளிநாடு போகும் நர்ஸா? முதலில் இனிஷியலைப் பாருங்கள்

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் தெருவுக்கு ஒரு நர்ஸாவது வெளிநாட்டில் இருப்பார். கேட்டுப் பாருங்கள், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வைவிட இனிஷியல்தான் படுத்தி எடுத்தது என்பார்கள். நர்சிங் சான்றிதழில் 'எஸ்' என்று ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அதுவே 'செல்வராஜ்'. நமக்கு ரெண்டும் ஒன்றுதான். லண்டனில் ஃபைலைப் பார்ப்பவருக்கு ரெண்டு ஆள்.

அதனால் பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லாத் தாள்களையும் மேஜையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓஇடிக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே, இடைவெளி உட்பட, அப்படியே எழுதுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவில் திருத்தம் என்றால் அது சென்னை வேலை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அப்புறம் அப்பாவை அலையவிடுவது பாவம்.

பிரிட்டனில் இறங்கியதும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு இருக்கிறது, மொத்தம் 10 பகுதிகள். அதில் தேறிப் பதிவு எண் வரும்வரை நீங்கள் பதிவுபெற்ற நர்ஸ் இல்லை. அதற்கிடையே, வேலை தரும் மருத்துவமனையிடம் உங்கள் முகவரி போட்டு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கணக்கு தொடங்க உதவும்.