தூசியைப் பொட்டலம் கட்டும் முன்

பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் கூட்டிக் குவித்தால் பாதி பஞ்சுதான். வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் இரசாயனங்களை ஆய்வகத்தில் அளக்கக் கொடுப்பவர்கள் இந்தப் பஞ்சைக் கவனிக்க வேண்டும். முடிவு ஒரு கிராம் தூசிக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். பஞ்சும் நூலும் தலைமுடியும் எடையில் சேர்ந்தால் கணக்கு தப்பிவிடும்.

அதனால் 150 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள எஃகுச் சல்லடையில் மெதுவாகச் சலியுங்கள். முகக்கவசம் அவசியம். குழந்தைகளின் கையில் ஒட்டி வாய்க்குப் போவது பெரும்பாலும் சல்லடைக்குக் கீழே விழும் அந்த நுண்தூசிதான். வீட்டு மாவுச் சல்லடை இதற்கு ஆகாது. அந்தத் தூசியைச் சலித்த சல்லடையில் பிறகு யார் ராகி மாவு சலிப்பது?

பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் தாலேட்டுகள் பையிலிருந்தே தூசிக்குள் இறங்கலாம். அலுமினியத் தாளில் மடித்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஃப்ரீசரில் வையுங்கள். ஈயம் போன்ற உலோகங்களைப் பார்ப்பதென்றால் மட்டும் கதை மாறும்: அப்போது உலோகத் தாளை விட்டுச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டி, நைலான் சல்லடை. எதுவானாலும், அதே வகை வெற்றுப் புட்டி ஒன்றையும் உடன் அனுப்புங்கள். புட்டியே கொண்டுவந்த அழுக்கு எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும்.