ஓவர்க்ளாக் செய்ய போர்டு வாங்குகிறீர்களா? மே மாதத்தை நினைத்து வாங்குங்கள்

திருவல்லிக்கேணியில் மூன்றாவது மாடி என் அறை. அதற்கு மேல் மொட்டை மாடிதான். அங்கே உட்கார்ந்துதான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, ஏசி ஓடாவிட்டால் அறையில் 37 டிகிரி காட்டும். ஓவர்க்ளாக் செய்ய, அதாவது ப்ராசஸரை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்ட, மதர்போர்டு தேடுகிற நம் ஊர்க்காரர்கள் இந்த 37லிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கு இது தெரிய ஒரு முகூர்த்த சீசன் வீணானது. எட்டு கோர் ரைசன் ப்ராசஸர், மேலே பெரிய கூலர், கீழே விலை குறைந்த ஒரு போர்டு. ரெண்டர் (எடிட் முடிந்த வீடியோவைக் கோப்பாக்கும் வேலை) போட்டால் முதல் பத்து நிமிடம் பறக்கும். அப்புறம் வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து தடாலென்று 2க்குக் கீழே விழும், கொஞ்ச நேரத்தில் ஏறும், மறுபடி விழும். ப்ராசஸர் சூட்டைப் பார்த்தால் 72தான். கேபினெட்டைத் திறந்து விரலைக் கொண்டு போனேன். ப்ராசஸருக்கு இடப்பக்கம் வரிசையாக இருந்த கறுப்புச் சில்லுகளின் பக்கத்திலேயே விரலை வைக்க முடியவில்லை. சென்சார் 118 டிகிரி சொன்னது. அவற்றின் மேல் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கே கிடையாது. வாங்கும்போது அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பகுதிக்குப் பெயர் வி.ஆர்.எம். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். தருவது 12 வோல்ட். ப்ராசஸருக்குத் தேவை 1.2, 1.3 வோல்ட்தான். இரண்டுக்கும் நடுவில் நின்று இறக்கிக் கொடுப்பது வி.ஆர்.எம்.மின் வேலை. ஓவர்க்ளாக் செய்த ப்ராசஸர் 200 வாட் இழுத்தால், 1.25 வோல்ட்டில் அது 160 ஆம்பியர். நம் வீட்டு மெயின் லைனில்கூட அவ்வளவு ஓடாது. வி.ஆர்.எம்.மில் இந்த வேலையைப் பிரித்துச் செய்யும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஃபேஸ் என்று பெயர். இந்த 160ஐ நாலு ஃபேஸ் பங்கு போட்டால் தலைக்கு 40 ஆம்பியர், எட்டு ஃபேஸ் என்றால் 20. கரண்ட் பாதியானால் மின்தடையால் அந்த ஃபேஸில் உண்டாகும் சூடு கால்வாசியாகிவிடும். போர்டுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். விளக்கு அலங்காரத்துக்கும் கண்ணாடி மூடிக்கும் அல்ல.

பெட்டியில் 14+2 ஃபேஸ் என்று போட்டிருந்தால் முதல் எண் கோர்களுக்கானது. ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ஏழு ஃபேஸை இரட்டையாக்கி 14 என்று எழுதுவதும் உண்டு. அதற்காக அது மோசமான போர்டு ஆகிவிடாது, சுமை பங்கு பிரிந்துதான் போகும். ஒவ்வொரு பவர் ஸ்டேஜும் (ஃபேஸில் கரண்டைக் கடத்தும் சில்லு) எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எட்டு கோர் ப்ராசஸருக்கு 60 ஆம்பியர் ஸ்டேஜ் பத்துப் பன்னிரண்டு இருந்தால் எனக்குத் திருப்தி. அதற்கு மேல் கொடுக்கும் காசை நல்ல கூலருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹீட்சிங்க். கடையில் போர்டைக் கையில் வாங்கி அதை நகத்தால் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் மூடிக்கு ஒரு சத்தம், அலுமினியக் கட்டிக்கு வேறு சத்தம். வரிவரியாகக் காற்று நுழையும் இடுக்குகள் இருந்தால் நல்லது.

இங்கேதான் அந்த 37 வருகிறது. வெளிநாட்டு ரிவ்யூக்களில் சோதனை பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் நடக்கும். அங்கே வி.ஆர்.எம். 78 டிகிரி என்று போட்டிருந்தால், இரண்டு அறைகளுக்கும் உள்ள வித்தியாசமாகச் சுமார் 14 டிகிரியைக் கூட்டி நீங்கள் 92 என்று எழுதிக்கொள்ளுங்கள். கூட்டியபின் 95ஐத் தாண்டுகிற போர்டை நான் வாங்குவதில்லை. உடனே எரிந்துவிடும் என்பதால் அல்ல. அந்தச் சூட்டில் வருடக்கணக்கில் ஓடினால் கெபாசிட்டர்களின் ஆயுள் குறையும். இன்னொன்று: லிக்விட் கூலர் மாட்டினால், சாதாரண டவர் கூலரின் விசிறிக் காற்று வி.ஆர்.எம். மேல் படுவது நின்றுவிடும். ப்ராசஸர் குளிரும், போர்டு வேகும். லிக்விட் கூலர் போடுபவர்கள் கேபினெட்டின் மேல்பக்கமும் பின்பக்கமும் விசிறி ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சிப்செட். போர்டில் எதையெல்லாம் செய்யலாம் என்று தீர்மானிக்கும் சில்லு அது. போர்டின் பெயரில் வரும் இசட் 690, பி 760 எல்லாம் அதன் பெயர்தான். இதில் தவறினால் மேலே சொன்ன எதுவும் உதவாது. இன்டெல் என்றால் ப்ராசஸர் பெயரில் கே இருக்க வேண்டும், போர்டு இசட் வரிசையாக இருக்க வேண்டும்: இசட் 690, இசட் 790, புதிய கோர் அல்ட்ராவுக்கு இசட் 890. பி 760 போர்டில் ராமின் வேகத்தைக் கூட்டலாம், கோர்களின் வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிப்ளையரைத் தொட முடியாது. என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பிக்கு 13600கே ப்ராசஸரோடு பி 760 போர்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கே என்ற எழுத்துக்குக் கொடுத்த காசு வீண். ஏஎம்டியில் கொஞ்சம் தாராளம்: பி 550, பி 650 போர்டுகளிலேயே ஓவர்க்ளாக் செய்யலாம், ஏ 520, ஏ 620 போர்டுகளில் ப்ராசஸரை முடியாது. பெயர் எக்ஸ்3டி என்று முடியும் ஏஎம்டி ப்ராசஸர்களை மட்டும் தனியாகப் பாருங்கள். 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டுக்கும் மல்டிப்ளையர் பூட்டப்பட்டிருக்கும், 9800எக்ஸ்3டிக்குத் திறந்திருக்கும்.

கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும், ஓவர்க்ளாக் செட்டிங்கை மாற்றும் மென்பொருளான பயாஸைப் பற்றிக் கடையில் யாரும் பேச மாட்டார்கள், நீங்கள்தான் படித்துவிட்டுப் போக வேண்டும். லோட் லைன் கேலிபரேஷன் எத்தனை படியாக இருக்கிறது என்று போர்டின் மேனுவலில் பாருங்கள். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல் மாடியில் தண்ணீர் சன்னமாகிவிடும் அல்லவா? ப்ராசஸர் முழு வேலையில் இறங்கும்போது வோல்டேஜும் அப்படித்தான் இறங்கும். அதைத் தாங்கிப் பிடிப்பதுதான் இந்த அமைப்பு. உச்சப் படியில் வைத்தால் சுமை விலகும் கணத்தில் வோல்டேஜ் துள்ளி மேலே போகும், ஆகவே நடுப்படியே போதும். நடுவில் நிறுத்த இடம் தராமல் இரண்டே படி கொடுக்கும் போர்டு வேண்டாம்.

பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் பென் டிரைவை வைத்து அந்தப் பட்டனை அழுத்தி மீட்டுவிடலாம். பயாஸ் செட்டிங்கைப் பழையபடி ஆக்க, சிமாஸ் அழிக்கும் பட்டனும் வெளியிலேயே இருந்தால் நிம்மதி. ஓவர்க்ளாக் கற்றுக்கொள்ளும் முதல் வாரத்தில் குறைந்தது பத்து முறையாவது கம்ப்யூட்டர் எழாமல் கிடக்கும். ஒவ்வொரு முறையும் கேபினெட்டைக் கழற்றி அதே வேலைக்கான ஜம்பர் பின்களைத் தேடுவது கொடுமை.

ராமுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம். டிடிஆர்5 ராமை வேகமாக ஓட்ட ஆசையென்றால் இரண்டு குச்சி மட்டும் போடுங்கள். நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் குறையும்.

இனி ரிச்சி ஸ்ட்ரீட், சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்ததும் முதல் கடையிலேயே முடிக்காதீர்கள். பக்கத்து நரசிங்கபுரம் தெருவையும் சுற்றி, மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை சொல்லி விலை கேளுங்கள். ஓர் எழுத்து மாறினால் வி.ஆர்.எம்.மே மாறும். “அக்கா, இதுவும் அதுவும் ஒண்ணுதான், இது கேமிங் போர்டு” என்பார்கள். ஒன்றல்ல. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். இன்டெலின் எல்ஜிஏ 1700, ஏஎம்டியின் ஏஎம்5 இரண்டிலும் பின்கள், ப்ராசஸர் உட்காரும் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. மூடியை எடுத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, நாலு பக்கத்திலிருந்தும் பாருங்கள். வரிசை நெல் வயல்போல ஒரே சீராக மின்ன வேண்டும். ஓரிடத்தில் ஒளி வேறு மாதிரி திரும்பினால் அங்கே ஒரு பின் வளைந்திருக்கிறது. கடையை விட்டு இறங்கிவிட்டால் வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது அபூர்வம். பழைய போர்டு வாங்குபவர்கள் கூடுதலாக ஒன்று பாருங்கள்: திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரை வீடுகளில் ஓடிய போர்டில் உப்புக் காற்று பட்டு, பின்பக்கப் போர்ட்டுகளின் உலோகத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும், மாற்றிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள், ஒரு மதியம் ஏசியை அணைத்துவிட்டு ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வி.ஆர்.எம். வரியை மட்டும் பாருங்கள். முதலில் ஓவர்க்ளாக் இல்லாமல், அப்புறம் உங்கள் செட்டிங்கோடு. இரண்டு எண்களையும், அன்றைய அறை வெப்பத்தையும் சேர்த்து, பில்லின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மே மாதம் அதே சோதனையைப் போடும்போது எண் பத்து டிகிரி கூடியிருந்தால், முதலில் தூசியைத் தட்டுங்கள்.