பூ எப்படிக் காயாகிறது? குழந்தைகளோடு ஒரு பீர்க்கங்கொடி வளர்ப்போம்

பள்ளியில் பஞ்சை நனைத்துப் பச்சைப்பயறு முளைக்க வைக்கச் சொல்வார்கள். இரண்டு இலை விட்டதும் மதிப்பெண் கிடைத்துவிடும், செடி குப்பைக்குப் போய்விடும். விதை முளைக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் கூட்டில் கிடக்கிற காய் செடியில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் விழிப்பார்கள். அதைக் கண்ணாலேயே பார்க்க வைக்கும் வழிதான் இது.

என்ன காய் வளர்ப்பது? நான் பீர்க்கு என்பேன். பூசணி, பாகல், வெள்ளரியெல்லாம் காலையில் பூத்துவிடும். பள்ளி வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் பூவை யார் பார்ப்பது? பீர்க்கம்பூ சாயங்காலம் மலரும். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, பால் குடித்துவிட்டு மாடிக்குப் போனால் சரியாக இருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. கத்தரி, தக்காளியில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவுக்குள் இருப்பதால் சின்னப் பிள்ளைக்குப் பிரித்துக் காட்டுவது சிரமம். பீர்க்கில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு.

தேவையானவை

பெரிய வளர்ப்புப் பை ஒன்று. அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளியும் போதும். செம்மண், மட்கிய சாண எரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள். நாட்டு ரக பீர்க்கு விதை ஏழெட்டு, கொடி ஏறக் கயிறு, கோடு போடாத நோட்டு, பென்சில், சிவப்பு, நீல நூல், மெல்லிய துணித்துண்டு. அரை நாளாவது வெயில் விழும் இடம் வேண்டும்.

1. விதையைத் திறந்து பாருங்கள்

ஆடியிலும் தையிலும் விதைக்கலாம். முந்தின இரவே விதைகளை ஊறப்போடுங்கள். காலையில் ஒரு விதையின் கறுப்புத் தோலை நீங்கள் உரித்துக் கொடுங்கள், பருப்பைப் பிள்ளை பிரிக்கட்டும். உள்ளே இரண்டு வெள்ளைத் துண்டுகள், அவை சேரும் முனையில் ஒரு சின்னக் கூர். "இதுல எது வேர், எது இலை?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் செடியே பதில் சொல்லிவிடும்: அந்த இரண்டு துண்டுகளும் பச்சையாகி மண்ணுக்கு மேலே வந்து நிற்கும்.

மீதி விதைகளைப் பையிலேயே நேரடியாக ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்ததில் நன்றாக இருக்கும் இரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். பிள்ளைகள் இதற்கு அழுவதும் உண்டு. பிடுங்கியதன் வேரைக் கழுவிக் கையில் கொடுங்கள், வரைய உட்கார்ந்துவிடுவார்கள்.

2. நோட்டு

இது ஓவியப் போட்டி இல்லை. ஒரு பக்கத்தில் "பார்த்தது", எதிர்ப்பக்கத்தில் "கேட்டது" என்று இருந்தால் போதும். பிள்ளை பீர்க்க இலையை மாவிலை மாதிரி வரைந்தால் நீங்கள் திருத்த வேண்டாம். "எத்தனை முனை இருக்குன்னு இன்னொரு தடவை எண்ணிட்டு வா" என்று அனுப்புங்கள்.

3. பற்றுக்கம்பி

கொடி ஏறத் தொடங்கியதும் நூல் போன்ற பற்றுக்கம்பிகள் நீளும். ஒன்றின் நுனிக்குப் பக்கத்தில் குச்சியை வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள், சுற்றியிருக்கும். அதோடு விடாதீர்கள். பிடித்தபின் அது சுருள்வில்லாகச் சுருண்டு கொடியை இழுக்கும். அந்தச் சுருளை ஒரு முனையிலிருந்து பென்சில் நுனியால் தொடர்ந்து வந்தால், நடுவில் ஓரிடத்தில் சுற்றும் திசையே மாறிவிடும். இரண்டு முனையும் கட்டுண்டு கிடப்பதால் அதனால் ஒரே பக்கமாகச் சுருள முடியாது. சார்லஸ் டார்வின் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதிய விஷயம் இது. திசை மாறும் இடத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு காட்டிவிடாதீர்கள்.

4. பூ

இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தது. முதலில் ஆண் பூக்கள்தான் வரும், வந்து வந்து கொட்டும். பயப்பட வேண்டாம். ஆண் மொட்டுகள் ஒரே காம்பில் கொத்தாக இருக்கும். பெண் பூ தனியாக வரும். இதழுக்குக் கீழே விரல் நீளம்கூட இல்லாத, வரிவரியான குட்டிப் பீர்க்கங்காய் ஒட்டியிருக்கும். "பூக்கிறதுக்கு முன்னாடியே காய் இருக்கே!" என்று பிள்ளை கத்தினால் பாடத்தில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி: அந்தப் பிஞ்சு எல்லாமே காயாகுமா? ஒரே சாயங்காலத்தில் மலரப்போகும் இரண்டு பெண் மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மலரும் முன்பே துணியால் மூடி, காம்பில் நீல நூல் கட்டுங்கள். இன்னொன்று மலர்ந்ததும், புதிதாக மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, மஞ்சள் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவச் சொல்லுங்கள். இதற்குச் சிவப்பு நூல். மறுநாள் பூ வாடியபின் துணியை எடுத்துவிடலாம்.

சில நாட்களில் சிவப்பு நூல் பிஞ்சு நீள ஆரம்பிக்கும். நீல நூல் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி உதிரும். தோட்டத்தில் இந்தத் தடவும் வேலையை அந்துப்பூச்சிகளும் தேனீக்களும் பார்த்துக்கொள்ளும். பூச்சி அதிகம் எட்டிப்பார்க்காத அடுக்குமாடி மொட்டைமாடியில் தினமும் கையால் தடவ வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்குப் பிடித்த வேலையும் அதுதான்.

5. அளப்பதும் பறிப்பதும்

தினமும் காயை நூலால் அளந்து, நூலை வெட்டி நோட்டில் வரிசையாக ஒட்டுங்கள். எழுதத் தெரியாத பிள்ளைகூட வளர்ச்சியைப் படித்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் பிஞ்சுப் பதமாகப் பறிக்கலாம். நகம் சுலபமாக இறங்க வேண்டும். சமைக்குமுன் ஒரு சின்னத் துண்டை நீங்கள் ருசி பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப்போட்டுவிடுங்கள், அந்தக் கசப்பு வயிற்றுக்கு ஆகாது. கசக்கவில்லை என்றால் தோலைத் துவையலுக்கு எடுத்துவையுங்கள்.

ஏதாவது ஒரு பிஞ்சு கோணலாகி அழுகினால் அதையும் வெட்டிக் காட்டுங்கள். பெரும்பாலும் பழ ஈ முட்டையிட்டு, உள்ளே புழு நெளியும். முகம் சுளித்துக்கொண்டே உற்றுப் பார்ப்பார்கள்.

6. ஒரு காயை விட்டுவையுங்கள்

நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விடுங்கள். பழுப்பாகக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். நுனியில் ஒரு சின்ன மூடி கழன்று விழும். கவிழ்த்தால் கறுப்பு விதைகள் கொட்டும். தோலை உரித்தால் தேய்த்துக் குளிக்கிற பீர்க்கங்கூடு. விதைகளை எண்ணச் சொல்லுங்கள்: போட்டது எத்தனை, கிடைத்தது எத்தனை?

விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காகித உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கலப்பின விதையில் வளர்த்த கொடி என்றால் எடுத்துவைக்க வேண்டாம்; அடுத்த பட்டத்தில் அதே காய் வரும் என்று நம்ப முடியாது.